ஆயான்னா யாரு பாஸ்?

ஹாஸ்டல்ல முதல் வாரம். "வீட்ல ஆயா மட்டும் தனியா இருக்கு"ன்னு சொல்லித் தொலைச்சேன். மதுரைப் பக்கத்து ரூம்மேட் அசந்துட்டான். "ஆயா எல்லாம் வெச்சிருக்கீங்களா? பெரிய இடம்டா!" ரூமே சிரிச்சுது. அன்னைலருந்து நானும் 'பாட்டி'க்கு மாறிட்டேன். செராமிக் பொம்மைக்கு அச்சுக் கோடு தேய்ச்சுத் தேய்ச்சு என்னைப் படிக்க வெச்ச ஆயாவுக்கு இது தெரியாது.

எங்க விருத்தாசலத்துல ஆயான்னா பாட்டி, மக்களே! 'ஆய்'ங்கிற பழைய தமிழ்ச் சொல்லோட வாரிசு. ஆய்னா அம்மா. சங்க காலத்துல என் அம்மா 'யாய்', உன் அம்மா 'ஞாய்', அவன் அம்மா 'தாய்'. குறுந்தொகை 40-வது பாட்டை ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினவங்களுக்கு முதல் ரெண்டு பேரையும் தெரிஞ்சிருக்கும். நம்மகிட்ட மிஞ்சினது தாய் மட்டும்தான்.

சரி, எல்.கே.ஜி. வாண்டுக்கு மூக்கு துடைச்சு விடுற ஆயா? அவங்க கப்பல்ல வந்தவங்க. போர்ச்சுகீஸ்காரங்க குழந்தையைப் பார்த்துக்கிற பெண்ணை 'ஆயா'ன்னாங்க. அதுக்கு மூலம் லத்தீன் 'ஆவியா'ங்கிறாங்க அகராதிக்காரங்க. ஆவியான்னா என்ன தெரியுமா? பாட்டி! (எங்க ஊர்க் கோயில் அம்மன் பேரு விருத்தாம்பிகை. விருத்தன்னா முதிய, அம்பிகைன்னா அம்மா. கணக்குப் பார்த்தா அவங்களும் ஆயாதான்.)

அந்தப் பாட்டியை வேலைக்காரியா மாத்தினதுல வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. குழந்தைகளைப் பார்த்துக்கன்னு ஆயாக்களைக் கப்பல்ல கூட்டிட்டுப் போவாங்க. லண்டன்ல இறங்கினதும் சில பேரைத் திரும்பி வர டிக்கெட்டுக்கூட இல்லாம கழட்டி விட்டுடுவாங்க. அவங்க தங்கவே ஒரு 'ஆயாக்கள் இல்லம்' இருந்துச்சு. 1900-ல ஹாக்னி பகுதிக்கு மாறின அந்த வீட்ல, 2022-ல நினைவுப் பலகை வெச்சிருக்காங்க.

போன வாரம் ரூம்மேட் பக்கத்துல இருக்கும்போதே போன் போட்டேன். சத்தமாவே "ஆயா..."ன்னு ஆரம்பிச்சு லத்தீன் கதை மொத்தத்தையும் சொன்னேன். ஆயா லத்தீனைக் கண்டுக்கவே இல்ல.

"அந்தப் பொம்பளைங்க ஊரு வந்து சேர்ந்தாங்களா, தம்பி?"ன்னு கேட்டுச்சு.

"சில பேரு வந்தாங்க ஆயா."