துளைகளை மறக்கலாமா?

"எஃகின் யங் குணகம் என்ன?" என்று வகுப்பில் கேட்டால், "ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்" என்று உடனே விடை வரும். "அதே எஃகுத் தகட்டில் ஆயிரம் துளைகள் இட்டால்?" என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். அந்த மௌனமே இதை எழுதத் தூண்டியது.

மின் நிலையங்களிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வெப்பமாற்றிகள் உண்டு. பல நூறு குழாய்களினுள் ஒரு பாய்மம் செல்லும். வெளியே வேறொன்று ஓடும். குழாய்களின் முனைகளைத் தாங்குவதும், பாய்மங்கள் கலக்காமல் காப்பதும் தடித்த ஒரு துளைத் தகடு.

துளையின் விட்டம் 20 மி.மீ., மையங்களுக்கிடையே 25 மி.மீ., சமபக்க முக்கோண அமைப்பு என்று கொள்வோம். பரப்பைக் கணக்கிடுங்கள், 42 விழுக்காடு உலோகம் எஞ்சும். விறைப்பும் அவ்வளவே இருக்கும் என்றுதானே தோன்றுகிறது? இல்லை! தடித்த தகட்டில் அது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். விசை முழுவதும் துளைகளுக்கிடையேயுள்ள 5 மி.மீ. பாலங்களின் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதே காரணம்.

எனவே பொறியாளர்கள், துளையே இல்லாத, ஆனால் விறைப்புக் குறைந்த ஒரு கற்பனைத் தகட்டை வைத்துக் கணக்கிடுவர். ஓ'டானல், லாங்கர் ஆகியோர் 1962இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு வலுவூட்டியது.

"கணிப்பொறி ஒவ்வொரு துளையையும் கணக்கிடுமே, இது எதற்கு?" என்பார் சிலர். எனக்கு இதில் உடன்பாடில்லை. கணிப்பொறி எண்களைத் தரும். அந்த எண் ஏற்கத்தக்கதா என்று சொல்ல, நம் கையில் ஓர் எளிய மதிப்பீடு வேண்டும்.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. கற்பனைத் தகடு, உண்மைத் தகடு எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும். எங்கே விரியும் என்பதைச் சொல்லாது. அதற்குத் துளைகளை மீண்டும் நினைவில் கொண்டுவர வேண்டும். பாலத்தின் அகலம் மைய இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அங்கே சராசரித் தகைவு ஐந்து மடங்கு. துளையின் விளிம்பில் இன்னும் மிகும்.

எளிமைப்படுத்துவது தவறன்று, எதை விட்டுவிட்டோம் என்பதை மறப்பதே தவறு. அட்டவணையை மனப்பாடம் செய்யும் நம் பழக்கம் இதைக் கற்பிப்பதில்லை.

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைத் துண்டுகளை எடுங்கள். ஒன்றில் வரிசையாகத் துளையிடுங்கள். இரண்டையும் மேசை விளிம்பில் நீட்டி வைத்து, முனையில் ஒரே எடையை வைத்து, தாழ்வை அளந்து பாருங்கள். எந்த அட்டவணையும் சொல்லாததை அந்த அட்டை உங்களுக்குச் சொல்லும்.