சமையல் குறிப்பு: சுருக்கமா, விளக்கமா?

கடையத்தில் இருந்தவரை எனக்குச் சமையல் குறிப்பே தேவைப்படவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தார். வெளியூர் அறையில் முதன்முதலாகச் சொதி வைத்தபோது, இணையத்தில் கிடைத்த குறிப்பு "தேங்காய்ப்பால் சேர்த்துக் கொதிக்க விடவும்" என்றது. விட்டேன். திரிந்துவிட்டது! காய் வேக இரண்டாம் பால், கடைசியில்தான் முதல் பால், நுரை கூடியதும் இறக்கி, பிறகு எலுமிச்சை என்று அம்மா தொலைபேசியில் சொன்ன பிறகே புரிந்தது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' அளவையும் பக்குவத்தையும் விவரமாகச் சொன்னது. புதிதாகச் சமைப்பவர்களுக்கு அதுதானே வேண்டும்?

நீளமாக எழுதினால் சலிப்பு என்கிறார்கள். ஊர்க்கதை வேண்டாம், சரி. ஆனால் தெரிந்தவர் இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடலாம். தெரியாதவருக்கு அந்த இரண்டு வரிதான் சமையலே. பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாதவருக்காக எழுதுங்கள், நண்பர்களே!