பிள்ளை பெத்தவளுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க

பிரசவமான வீட்டுல வெந்நி அண்டா அடுப்பை விட்டு இறங்காது. நொச்சி, வேப்பிலை, புளிய இலை, மஞ்சள் போட்டுக் கொதிக்கவச்சு, பதமா விளாவி இடுப்புல ஊத்துவாங்க. இதை மூடநம்பிக்கைன்னு நான் சொல்லப்போறதில்ல. இடுப்பு வலிக்கு வெந்நீர் இதம். பத்து மாசம் சுமந்த உடம்புக்கு இன்னொருத்தர் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிவிடறது பெரிய சுகம். குளத்துத் தண்ணியை அப்படியே புழங்குன காலத்துல, கொதிக்கவச்ச தண்ணிதான் சுத்தமான தண்ணி. அந்த 40 நாள் ஓய்வும் நல்லதுதான். எங்க மருத்துவக் கணக்கே 42 நாள்.

என் சண்டை வேற.

குளிக்க அண்டா அண்டாவா ஊத்துற அதே வீட்டுல, குடிக்கக் கேட்டா அரை டம்ளர்தான் வரும். "பச்சை உடம்பு. தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், தையல் சீழ் பிடிக்கும், ஜன்னி கண்டுடும்."

தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்காது. வயிறு தெரியறது, கர்ப்பப்பை சுருங்க ஆறு வாரம் ஆகும், தசையும் தளர்ந்திருக்கு என்பதால.

தாய்ப்பால்ல 87 சதவீதம் தண்ணிதாங்க. நாளுக்கு முக்கால் லிட்டர் பால் சுரக்குற உடம்பு அது. போதாததுக்கு வெந்நீர்க் குளியல்லயும் சாம்பிராணிப் புகையிலயும் வேர்த்து வழியுது.

முக்கியமான விஷயம் இதுதான். கர்ப்பத்துல இரத்தம் வழக்கத்தைவிட எளிதா உறையும். பிரசவத்துல இரத்தம் கொட்டி உயிர் போகாம இருக்க இயற்கை செஞ்ச ஏற்பாடு. பிள்ளை பிறந்த பிறகும் சில வாரம் அது அப்படியே இருக்கும். அந்த நேரத்துல தண்ணியும் குடிக்காம, எழுந்து நடக்காமலும் படுத்திருந்தா, கால்லயோ மூளையின் சிரையிலயோ இரத்தம் கட்டிக்கிற ஆபத்து கூடும். மூளையில கட்டினா தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கண் மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விளங்காம போறது.

வலிப்பைப் பார்த்ததும் வீட்டுல என்ன சொல்வாங்க? "திருட்டுத்தனமா பச்சத்தண்ணி குடிச்சிருப்பா, ஜன்னி கண்டுடுச்சு." மிச்சமிருந்த அரை டம்ளரும் நின்னுடும். பிரசவத்துக்கு அப்புறம் இரத்த அழுத்தம் ஏறினாலும் இதே வலிப்பு வரும். எதுவானாலும் வேப்பிலை அடிச்சிட்டு உட்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. காய்ச்சலும் அப்படித்தான், "பால் கட்டுன சூடு"ன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

சிசேரியன் ஆனவங்களுக்குத் தழும்பைச் சுத்தி மாசக்கணக்குல மரத்திருக்கும், சுடுறது தெரியாது. வெந்நியை முதல்ல உங்க கையில ஊத்திப் பாருங்க. கதவு ஜன்னலை அடைச்சுக் கரி நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, பக்கத்துல படுத்திருக்கிறது பச்சைக்குழந்தை.

பச்சத்தண்ணி குடுக்க மனசு வரலையா? பரவால்ல அத்தை, காய்ச்சி ஆறவச்சதே குடுங்க, சீரகத் தண்ணியாவே இருக்கட்டும். ஆனா ஒரு சொம்பு நிறைய ஊத்தி, அவ கைக்கு எட்டுற இடத்துல வச்சிடுங்க. பால் குடுக்கும்போதெல்லாம் கேட்டுக்கேட்டு வாங்கிக் குடிக்க வைக்காதீங்க.