தலபுராணமாகிவிட்ட சுவைக்குறிப்புகள்

சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதியை விமர்சனம் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கு இழைக்கும் அநீதி. அவை தலபுராணங்கள். தலபுராணத்துக்குரிய உறுப்புகள் யாவும் அவற்றில் வரிசை பிறழாமல் இருக்கின்றன: மலையிலிருந்து இறங்கிவரும் தீர்த்தம், சுங்க அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிச் சாராயம் காய்ச்சிய ஆதிபுருஷர், தேய்ந்துபோன செம்பு வடிகலத்துக்கு மாற்று செய்தபோது பழையதன் நெளிவைக்கூட விட்டுவிடாமல் புதியதிலும் தட்டி உண்டாக்கினார்கள் என்ற அற்புதக் கதை, பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப்போகும் 2 விழுக்காட்டைத் தேவதைகள் அருந்துகிறார்கள் என்ற ஐதீகம். முடிவில் பலச்ருதி: நூற்றுக்கு 93.

இந்த யாத்திரையைத் தொடங்கிவைத்தவர் பக்தர் அல்லர் என்பதுதான் வேடிக்கை. ஆல்ஃப்ரட் பர்னார்ட் 1885 முதல் ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் இங்கிலாந்தையும் சுற்றி, 161 வடிசாலைகளை நேரில் பார்த்து, 1887-இல் ஒரு தடித்த நூலாக வெளியிட்டார். மது வணிக இதழ் ஒன்றுக்காக எழுதியவர். ஊறல் தொட்டியின் கொள்ளளவு, கிடங்கின் நீளம், நீர்ச்சக்கரத்தின் அளவு, ஆண்டு உற்பத்தி எத்தனை காலன் என்று எழுதிக்கொண்டே போகிறார். வழியில் தென்பட்ட மலைகளைக் கண்டு மயங்குவதும் உண்டு. ஆனால் அருந்திய மது எப்படி இருந்தது என்பதை ஏறக்குறைய சொல்வதே இல்லை. வாசிக்க வறண்ட நூல்தான். எனினும் அந்தக் கணக்குப்பிள்ளைத்தனத்தின் அருமை, இன்று எழுதப்படும் பயணக் கட்டுரைகளை வாசிக்கும்போது புலப்படுகிறது.

1969-இல் கிளென்ஃபிடிக் வடிசாலை பார்வையாளர்களுக்கென்று ஒரு கூடத்தைத் திறந்தது. அத்தகைய முதல் ஏற்பாடு அதுவே என்பார்கள். இன்று அது ஒரு தனித்தொழில். மக்காலன் 2018-இல் 14 கோடி பவுண்ட் செலவில் புதிய வடிசாலை கட்டியது. புல்வெளியே அலையலையாக எழுந்தாற்போன்ற அதன் கூரையைக் காணவே கூட்டம் போகிறது. வடிசாலைகளில் காணத்தக்கவை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் வடிப்பின்போது முதலில் வரும் காரமான திரவத்தையும் கடைசியில் வரும் கனத்த, நாற்றமெடுத்த திரவத்தையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் அந்தக் கணம் உண்மையிலேயே அழகானது. பித்தளைச் சட்டமிட்ட, பூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் அது நிகழ்கிறது. பணியாளர் அதைத் தொடமுடியாது. வெப்பத்தையும் அடர்த்தியையும் பார்த்தே குழாயைத் திருப்பவேண்டும். எங்கே வெட்டுகிறார்கள் என்பது அந்த மதுவின் குணத்தில் பாதியைத் தீர்மானிக்கிறது. ஆனால் திரும்பி வந்தவர்கள் எழுதுவதோ ஓடையைப் பற்றி.

காட்டப்படாதவற்றின் பட்டியல் நீளமானது. ஐலா தீவை எடுத்துக்கொள்வோம். தரையில் பார்லியைப் பரப்பி மரத்துடுப்பால் கிளறி முளைகட்டும் காட்சி எல்லாப் புகைப்படங்களிலும் உண்டு. ஆனால் அத்தீவின் வடிசாலைகள் பலவற்றுக்கு மால்ட் வருவது, போர்ட் எலனில் 1973 முதல் இயங்கும் ஒரே ஆலையின் இராட்சத உருளைகளிலிருந்து. அங்குள்ள கவ்லீலா வடிசாலையின் புதுச்சாராயத்தில் பெரும்பகுதி தொட்டி லாரிகளில் ஏறிக் கடல் கடந்து, பெருநிலப்பகுதியின் கிடங்குகளில் முதிர்கிறது. சுவைக்குறிப்புகளிலோ 'கடற்காற்றில் பல்லாண்டு மூச்சுவிட்ட பீப்பாய்'. உப்பு நாக்கில் தட்டுப்படலாம், மறுக்கவில்லை. அதற்குக் காரணம் கடற்காற்று என்று எழுதுமுன், பீப்பாய் எந்த ஊரில் உறங்கியது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? ஷெர்ரி பீப்பாய்களின் கதையும் இதுவே. ஷெர்ரி மரப்பீப்பாய்களில் பிரிட்டனுக்கு ஏற்றுமதியான காலம் 1980களோடு முடிந்தது. இன்றைய 'ஷெர்ரி பீப்பாய்' பெரும்பாலும் விஸ்கிக்காரர்களின் தேவைக்கென்றே செய்து, ஓரிரு ஆண்டுகள் ஷெர்ரி ஊற்றிப் பதப்படுத்தியது. அதனால் மது கெட்டுவிடுவதில்லை. கதைதான் பழையதாகிவிட்டது.

மொழிக்கு வருவோம். இலக்கிய வாசகர்களுக்கு என் முதன்மையான புகார் இதுதான். 1970களின் இறுதியில் ஸ்காட்ச் விஸ்கி ஆய்வாளர்கள் ஒரு சுவைச் சக்கரத்தை உருவாக்கினார்கள். தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஐயமறப் பேசிக்கொள்வதற்கான சொற்கள். அதில் பழங்களும் பூக்களும் மட்டுமா இருந்தன? கந்தகம், ரப்பர், சோப்பு போன்ற குறைகளுக்கும் அங்கே இடமுண்டு. அச்சக்கரத்திலிருந்து இனிப்பான பாதியை மட்டும் உடைத்தெடுத்துக்கொண்டு வந்ததுதான் இன்றைய சுவைக்குறிப்பு. கண்டிக்கும் சொற்களே இல்லாத ஒரு விமர்சன மொழியால் பாராட்டவும் முடியாது.

சொல்லால் செய்யமுடியாததை எண் செய்யும் என்று நம்பினார்கள். மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், 2007-இல் மறைந்த ஆங்கிலேய மது எழுத்தாளர்) 1989-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் நூற்றுக்கு மதிப்பெண் இட்டார். பின்னர் வந்த ஜிம் மர்ரே மணம், சுவை, பின்சுவை, சமநிலை என்று நான்காகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் 25 வைத்தார். அரை மதிப்பெண்ணும் உண்டு. 94-க்கும் 94.5-க்கும் இடையில் நாக்கு என்ன கண்டது? மர்ரேயின் நூலில் மதுவைப் பெண்களோடு ஒப்பிட்ட வரிகளை 2020-இல் பெக்கி பாஸ்கின் பகிரங்கமாகக் கண்டித்தபோது பலர் அதிர்ச்சி காட்டினார்கள். அவ்வரிகள் ஆண்டுக்கணக்காக அச்சாகிவந்தவை. எல்லோருடைய கண்ணும் எண்ணிலேயே இருந்தபோது வாக்கியத்தை யார் வாசித்தார்கள்?

வயதும் அப்படிப்பட்ட ஓர் எண். 12, 18, 25 என்பவை மது மரத்தில் கிடந்த காலத்தைச் சொல்கின்றன. மரம் எத்தனை முறை பயன்பட்டது என்பதைச் சொல்வதில்லை. நான்காம் முறை நிரப்பிய சோர்ந்த பீப்பாயில் இருபது ஆண்டு கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் சேராது. பெங்களூரின் வெயிலில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகிவிடுவதால், 2004-இல் கிளாஸ்கோவில் அறிமுகமான அம்ருத் சிங்கிள் மால்ட் நாலைந்து ஆண்டுகளிலேயே முதிர்ந்துவிடுகிறது. பீட் புகையின் அளவைக் காட்டும் எண் இன்னும் மோசம். ப்ரூக்லாடியின் ஆக்டமோர் வரிசையில் 309 வரை போனார்கள். அந்த அளவு மால்ட்டில் எடுக்கப்படுவது. வடிப்பிலும் மரத்திலும் இழந்தது போகக் கோப்பைக்கு எவ்வளவு வருகிறது என்பது வேறு கணக்கு.

பிறகு நிறம். ஸ்காட்ச் விஸ்கியில் தண்ணீரைத் தவிர ஒரு பொருளைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது: காரமல் நிறமி. 'பொன்னிறம், முதிர்ந்த செம்பொன்னிறம்' என்று தொடங்காத சுவைக்குறிப்பு உண்டா? 2001-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், போர்தோவில் ஒயின் பயின்ற 54 மாணவர்கள் சிவப்புச் சாயமிட்ட வெள்ளை ஒயினைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். கண் நாக்குக்கு ஆணையிடுகிறது. அதனால்தான் ஜெர்மனியில் நிறமி சேர்த்திருந்தால் சீட்டில் அச்சிட்டாகவேண்டும் என்ற விதி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரே மது ஜெர்மானியக் கடையில் உண்மை சொல்கிறது, எல்லை தாண்டினால் ஊமையாகிவிடுகிறது.

'ரசிக்க வந்த இடத்தில் கணக்கு எதற்கு?' என்பார்கள். கணக்குக் கேட்பதை நாம் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2003-இல் ஸ்பெயினில் கார்டு சிங்கிள் மால்ட்டுக்குத் தேவை பெருகியது, கையிருப்பு போதவில்லை. டியாஜியோ நிறுவனம் பிற வடிசாலைகளின் மால்ட்டையும் கலந்து, பெயரையும் புட்டியின் தோற்றத்தையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, 'சிங்கிள்' என்ற ஒரு சொல்லை மட்டும் 'ப்யூர்' என்று மாற்றியது. 'சிங்கிள்' என்றால் ஒரே வடிசாலை என்பதுதானே அடிப்படை! எதிர்ப்பில் முன்நின்றது போட்டி நிறுவனமான வில்லியம் கிராண்ட். அடுத்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. 2009-இன் விதிகள் அத்தகைய சொற்களுக்கு முடிவுகட்டின. சொல்லைக் காக்க வழக்காடியதில் வணிகர் ஒருவர் நம் சுவைஞர்களை முந்திக்கொண்டார்.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. காம்பஸ் பாக்ஸ் என்ற சிறிய கலவை நிறுவனம் 2015-இல் தன் இரு விஸ்கிகளில் எந்தெந்த மது, எந்த விகிதம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வயது என்று முழுமையாக வெளியிட்டது. சட்டத்துக்கு முரண் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் தெரிவித்தது. வயதைக் குறிப்பிடுவதானால் கலவையில் மிக இளையதன் வயதை மட்டுமே குறிப்பிடலாமாம். நிறுவனம் அத்தகவலை அகற்றவேண்டியதாயிற்று. ஓடையைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளே இருப்பதை முழுதாகச் சொன்னால் குற்றம்.

இதைப் பற்றி எத்தனை சுவைஞர்கள் எழுதினார்கள்? சிலர் எழுதினார்கள், அவர்களுக்கு வணக்கம். மற்றவர்கள் 2023-இல் லண்டன் ஏலத்தில் 1926-ஆம் ஆண்டு மக்காலன் புட்டி ஒன்று 20 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கியவர் குடிக்கப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

வெளிப்படையாக இருக்கமுடியாது என்ற சாக்கையும் ஏற்பதற்கில்லை. கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் தன் பார்லி முழுவதையும் தானே தரையில் முளைகட்டி, வடித்து, முதிர்வித்து, அதே ஊரில் புட்டியிலும் அடைக்கிறது, நிறமி சேர்ப்பதில்லை. ப்ரூக்லாடி தன் கிளாசிக் லாடி புட்டிகளின் மேல் ஒரு குறியெண்ணை அச்சிட்டது. அதைத் தன் இணையதளத்தில் இட்டால், அந்தத் தொகுதியில் சேர்ந்த பீப்பாய்களின் வகையையும் பார்லியின் ஆண்டுகளையும் அது காட்டியது. தேடிப் படித்தால் பர்னார்டின் நூலைப் போலவே வறட்சியாக இருக்கும்.