குறி தப்பினால் குற்றம் யாருடையது?

அந்தியூர்ப் பக்கம் நாலு விவசாயிகள் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு காட்டுப்பன்றியில்தான் முடிகிறது. மக்காச்சோளம், கடலை, குச்சிக்கிழங்கு எதுவும் மிஞ்சுவதில்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கேரளத்தில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுடுகிறார்கள். இங்கேயும் அப்படி வேண்டும் என்று சிலர், கூடவே கூடாது என்று சிலர்.

அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. யார் சுட்டாலும் சரி, சுடுகிற துப்பாக்கி பார்க்கிற இடத்தில்தான் சுடுகிறதா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லையே, அதுதான் என் கவலை. இந்தக் கவலை எனக்கு 1996-ல் வந்தது.

அந்த ஆண்டு தேர்தல் முடிந்த சமயம். தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் பெறுவது வழக்கம். அலுவலகத்தில் ஆயுத உரிமக் கோப்புகளை நான் பார்த்து வந்ததால், பழக்கமான தோட்டத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் அப்பா காலத்து .315 ரைஃபிள், இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது.

"ஏனுங்க சார், நல்லா இருந்த துப்பாக்கியக் கெடுத்துப் போட்டாங்க. எங்கியோ கீழ போட்டு ஒடைச்சிருக்காங்க. குறியே நிக்க மாட்டேங்குது. ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார்.

துப்பாக்கிகளைப் பாதுகாத்த காவலர்மீது இலாகா நடவடிக்கை கோரி அருமையாக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடம் ஆகப் போகிறது, அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் அவர் தெரிந்த ஒருவரிடம் துப்பாக்கியைக் காட்டலாம் என்றார். அவர் ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார், கோவைப் பக்கம் ஒரு சுடுதளத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் கூடப் போனேன்.

ஹவில்தார் முதலில் கேட்டது, "குறித்தகட்டைத் தொட்டீங்களா?" என்றுதான். நண்பர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். தோட்டத்துக் கரட்டில் இரண்டொரு குண்டு சுட்டுப் பார்த்தாராம். அதுவே தப்பு. வலப்பக்கம் போனதால் பின் குறித்தகட்டைச் சிறு சுத்தியால் இடப்பக்கம் தட்டினாராம். அப்புறம் இன்னொரு குண்டு, இன்னொரு தட்டு.

"ஒரு குண்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார் ஹவில்தார். ஐம்பது மீட்டரில் தாளை ஒட்டி, மணல்மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து குண்டு சுடச் சொன்னார். ஐந்தும் ஒரே இடத்தில் கூடி, நடுவை விட்டு விலகியிருந்தால் குறித்தகட்டை நகர்த்தலாம். ஐந்தும் சிதறியிருந்தால் குறித்தகட்டைத் தொடவே கூடாது, சிதறலுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்றார்.

நண்பருடைய ஐந்தும் மேலும் கீழுமாகச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியிருந்தன.

பிறகு ஹவில்தார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டையையும் இரும்பையும் சேர்க்கும் திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. மழைக்காலத்தில் மரக்கட்டை ஊறிக் குழலை ஒரு பக்கம் நெருக்கினாலும் குண்டு விலகுமாம், அதுவும் இல்லை. குழலுக்குள் எண்ணெய் இருந்தால் முதல் குண்டு மட்டும் வேறிடம் போகும் என்று துடைத்துவிட்டார். தோட்டாக்கள் எல்லாம் ஒரே பெட்டியா, பழையதும் புதியதும் கலந்ததா என்று கேட்டார். துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு விட்டுக் குழல்வாய் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே குழலை ஆறவிட்டார்.

எல்லாம் பார்த்த பிறகு அதே துப்பாக்கி, அதே தோட்டாக்களோடு தாமே படுத்து ஐந்து குண்டு சுட்டார். ஐந்தையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். ஆனால் அந்தக் கூட்டம் நடுவிலிருந்து இருபது சென்டிமீட்டர் இடப்பக்கம் இருந்தது.

"துப்பாக்கி நல்லா இருக்குது. நீங்க தட்டினதுதான் இந்தப் பக்கம் போயிருக்குது" என்றார். பின் குறித்தகட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கமே குண்டு போகும், முன் குறிமுனையை நகர்த்தினால் எதிர்ப்பக்கம் போகும். இரண்டு குறிகளுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால், பின்னால் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததற்கு ஐம்பது மீட்டரில் பத்து சென்டிமீட்டர் விலகும். நண்பரின் சுத்தி செய்த வேலை இரண்டே மில்லிமீட்டர்.

அப்படியானால் முதலில் குண்டு தப்பியது ஏன்? சுடும்போது கண்ணை மூடித் தோளை உதறுகிறாரா என்று பார்க்க, அவருக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டாவைக் கலந்து கொடுத்தார் ஹவில்தார். விசையை இழுத்தபோது துப்பாக்கி அசையவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தவர், "கன்னம் கட்டையில ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல இருக்குது. இந்தக் கண்ணாடி எப்பப் போட்டீங்க?" என்றார்.

மூன்று மாதத்துக்கு முன் மாற்றிய கண்ணாடி அது. மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை. மேல்பகுதி வழியே பார்த்தால் முன் குறிமுனை மங்கலாகத் தெரிய, அதைத் தெளிவாகப் பார்க்கத் தலையை நிமிர்த்தியிருக்கிறார். கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிட்டது. வயதான கண்ணால் பின் குறி, முன் குறி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முன் குறிமுனைதான் தெளிவாகத் தெரிய வேண்டும், இலக்கு சற்று மங்கினால் பரவாயில்லை. பையில் கிடந்த பழைய ஒற்றைப் பவர் கண்ணாடியைப் போட்டுச் சுட்டதும் குண்டுகள் ஒன்றுகூடின. அதன் பிறகே குறித்தகட்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த மனுவை வாங்கிக் கிழித்தேன். ஒரு குற்றமும் செய்யாத காவலர் ஒருவர் என் கையெழுத்தழகால் விளக்கம் எழுதிக்கொண்டு நின்றிருப்பார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், தெகார்த் 1637-ல் எழுதிய நூலின் நான்கு விதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே, சிக்கலைக் கூறு கூறாகப் பிரி, எளியதில் தொடங்கு, எதையும் விடாமல் எண்ணிப் பார். தேர்வுக்காக ஒப்பித்தேன். அதன் பொருளை அந்தச் சுடுதளத்தில்தான் கண்டேன்.

பெரிய வீரர்களுக்கும் இதே கதைதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவுக்கு இறுதிச் சுற்றில் ஏழாம் இடமே கிடைத்தது. அவர் நின்ற இடத்தில் தரை ஓடு தளர்ந்திருந்தது பின்னால் தெரியவந்தது. 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட சோதனைக் குண்டுகள் எங்கோ போயின. குறிக்கருவி நகர்ந்திருப்பதைக் கண்டு, பதறாமல் திருத்திக்கொண்டு தங்கம் வென்றார். சோதனைக் குண்டு இல்லாமல் நேரே போட்டியில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பன்றி விஷயத்தில் பதக்கம் போவதோடு முடியாது. வயிற்றிலோ காலிலோ அடிபட்ட பன்றி ஓடிப்போய்க் கரும்புக்குள் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலை களையெடுக்கப் போகும் பெண்தான் அதன் எதிரே நிற்க வேண்டிவரும். அந்த வாயில்லா ஜீவனும் நாள் கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும்.

ஆகவே என் யோசனை இது. வனத்துறைக்காரரோ, நாளைக்கு அனுமதி பெறும் உரிமதாரரோ, யார் சுடுவதானாலும், பருவம் தொடங்கும் முன் சுடுதளத்தில் ஐந்து குண்டு தாளில் சுட்டுக் காட்டட்டும். சுடப்போகும் அதே துப்பாக்கி, அதே வகைத் தோட்டா, கண்ணாடி போடுபவரானால் அதே கண்ணாடி. தாளில் தேதி, துப்பாக்கி எண், தூரம் எழுதிக் கோப்பில் சேர்க்கட்டும். உள்ளங்கைக்குள் அடங்காதவர் அந்தப் பருவத்தில் சுட வேண்டாம். உரிமத்துக்கு மருத்துவச் சான்று கேட்கிறார்கள், பயிற்சிச் சான்று கேட்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த மனிதரும் அந்தத் துப்பாக்கியும் இன்றைக்குச் சேர்ந்து எங்கே சுடுகிறார்கள் என்பதை அந்த ஒரு தாள்தான் சொல்லும்.

தோட்டா விலை என்ன, அதற்கும் உரிமத்தில் வரம்பு இருக்கிறதே என்பார்கள். சோதனைக்கென்று ஐந்து தோட்டாவைத் தனியாக அனுமதித்தால் போயிற்று. ஒரு களையெடுக்கும் பெண்ணின் தொடையில் போடும் தையலை விட அது மலிவு.

அந்த நண்பர் அப்புறம் என்ன செய்தார் என்று சொல்ல மறந்துவிட்டேன். மறுவாரம் காவல் நிலையத்துக்குப் போய், அந்தக் காவலரிடம் மனதுக்குள் திட்டியதற்காக மன்னிப்புக் கேட்டாராம். அவர் ஒன்றும் புரியாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.