செக் கொடுத்தால் கடைக்காரர் உங்க சிபில் ஸ்கோரைப் பார்க்கலாமா?

கல்யாணத்துக்கு 3 லட்சம் ரூபாய்க்கு நகை எடுக்கறீங்க. ரொக்கமா கொடுக்க வழியில்லை. ஒரே நாளில் ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற வருமான வரி விதி 2017 ஏப்ரலில் இருந்தே நடைமுறையில் இருக்கிறது. யுபிஐ வரம்பும் இடிக்கிறது. சரி என்று செக் புக்கை எடுத்தால், கல்லாவில் இருப்பவர், “பான் நம்பர் சொல்லுங்க, சிபில் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வாங்கிக்கறோம்” என்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

கிடையாது. சங்கரன்கோவில் ரத வீதிக் கடையானாலும் சரி, சென்னை தி.நகர் ஷோரூமானாலும் சரி, பதில் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. இதன்படி ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிறுவனங்கள்தான் உங்கள் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்க முடியும். இப்போது நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்கிறோம்.

இந்த நான்கும் தகவலை யாருக்குத் தரலாம் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. வங்கிகள், என்பிஎஃப்சி எனப்படும் நிதி நிறுவனங்கள், கிரெடிட் கார்டு நிறுவனங்கள் பார்க்கலாம். விதிமுறைகளின்படி காப்பீட்டு நிறுவனங்கள், செல்போன் சேவை நிறுவனங்கள், பங்குத் தரகர்கள் போன்ற சிலருக்கும் அனுமதி உண்டு. இந்தப் பட்டியலில் நகைக்கடை, ஜவுளிக்கடை, பர்னிச்சர் கடை எதுவும் இல்லை. அனுமதியில்லாமல் இந்தத் தகவலை எடுத்தால் சட்டத்தின் 22-வது பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை கூடுதலாக. அப்படி எடுத்த தகவலை எந்தக் காரியத்துக்கும் கணக்கில் கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

பான் கேட்பது வேறு விஷயம். 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் தந்தே ஆக வேண்டும். ஆனால் அது வரிக்கணக்குக்கு. அதை வைத்து உங்கள் கடன் வரலாற்றைத் தோண்டுவதற்கு அல்ல.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1970-ல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், வாடிக்கையாளர் தானே தொடங்கும் வியாபாரத்தில் கடைக்காரருக்கு ‘நியாயமான தேவை’ இருந்தால் அறிக்கை பெற இடம் தருகிறது. டெலிசெக் மாதிரியான நிறுவனங்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் அந்த அறிக்கையை வைத்து செக்கை மறுத்தால், எந்த நிறுவனத்தின் தகவலால் மறுத்தோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும்.

பார்த்தாலும் என்ன தெரியும்?

இதுதான் பலர் யோசிக்காத இடம். 300 முதல் 900 வரை போகும் அந்த ஸ்கோர், நீங்கள் வாங்கிய கடனையும் கிரெடிட் கார்டையும் எப்படிக் கட்டினீர்கள் என்பதைத்தான் சொல்லும். உங்க சேமிப்புக் கணக்கில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது அதில் வராது. போன மாதம் இன்னொரு கடையில் நீங்கள் கொடுத்த செக் திரும்பியதும் வராது. கடன் தவணைக்கான செக் திரும்பி, தவணை தாமதமானால்தான் அது பதிவாகும். ஆக, 800 ஸ்கோர் உள்ளவரின் செக்கும் பவுன்ஸ் ஆகலாம். கடனே வாங்காததால் ஸ்கோரே இல்லாத ஒரு பூ வியாபாரியின் செக் கையில் காசு மாதிரி பாஸாகலாம்.

“பேங்க்ல நமக்குத் தெரிஞ்சவர் இருக்கார், ஒரு போன் போட்டா பேலன்ஸ் சொல்லிருவார்” என்பதும் சின்ன ஊர்களில் சகஜம்தான். அதுவும் தப்பு. வாடிக்கையாளர் கணக்கின் ரகசியத்தைக் காப்பது வங்கியின் கடமை. தெரிந்தவர் என்பதற்காக அது தளராது.

அப்போ மொபைல் கடையில் இஎம்ஐக்கு எப்படிப் பார்க்கிறார்கள்?

அங்கே பார்ப்பது கடைக்காரர் இல்லை. கடைக்குள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் நிதி நிறுவனத்தின் ஆள். உங்களுக்குக் கடன் தரப்போவது அந்த நிறுவனம். அதனால் பார்க்க அதற்கு அனுமதி உண்டு. உங்கள் போனுக்கு வரும் ஓடிபி-யைச் சொன்னால், சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. “எந்தக் கம்பெனில பாஸ் ஆகுதுன்னு பார்ப்போம்” என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிறுவனங்களில் போட்டுப் பார்த்தால், மூன்று விசாரணைகளும் உங்க அறிக்கையில் பதிவாகும். குறுகிய காலத்தில் நிறைய விசாரணைகள் இருந்தால் ஸ்கோர் குறையலாம். ஒரு மிக்ஸி வாங்கப் போய், அடுத்து கேட்கப்போகும் வீட்டுக் கடனுக்கு வினை தேடிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஓடிபி மெசேஜில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, எதற்கு என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுச் சொல்லுங்க.

ஸ்கோரைப் பார்க்கும் வட்டம் விரிந்துகொண்டே போகிறது என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. கடன் பாக்கியைக் காரணம் காட்டி ஒருவரின் பணி நியமனத்தை எஸ்பிஐ ரத்து செய்தது சரியே என 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே வேலை கொடுத்தது ஒரு வங்கி. நிபந்தனையும் விளம்பரத்திலேயே இருந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி ஒரு கடை உங்க ஸ்கோரைக் கேட்க முடியாது.

கடைக்காரருக்கு வேறு என்ன வழி?

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். செக்கை வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘செக் வாங்குவதில்லை’ என்று போர்டு வைக்கலாம். பணம் ஏறிய பிறகு பொருள் தருகிறேன் என்று சொல்லலாம். 2025 அக்டோபர் 4 முதல் இது முன்பைவிட எளிது: வேலை நேரத்தில் வரும் செக்குகள் உடனுக்குடன் ஸ்கேன் ஆகிப் போகின்றன, மறுபக்க வங்கி மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் செக் வாங்கினால், பெரும்பாலும் சாயங்காலமே பாஸா பவுன்ஸா என்று தெரிந்துவிடும்.

பவுன்ஸ் ஆனால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு இருக்கிறது. செக் திரும்பியதாக வங்கி சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு போட வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டு சிறை வரை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கை வசூலுக்குப் போட்டவரின் கணக்கு இருக்கும் கிளையை வைத்துத்தான் நீதிமன்றம் முடிவாகிறது. கணக்கு சங்கரன்கோவில் கிளையில் என்றால், செக் கொடுத்தவர் கோயம்புத்தூரில் இருந்தாலும் இங்கே வந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பிரிவின் கூர்மை இன்னொரு பக்கமும் வெட்டும். விசைத்தறி ஊர்களில் நூல் கடனுக்குத் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை ‘செக்யூரிட்டிக்கு’ என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை வெறும் உத்தரவாதக் காகிதம் என்று நினைக்க வேண்டாம். கையெழுத்திட்ட வெற்று செக்குக்கும் சட்டத்தின் அனுமானம் பொருந்தும் என்று 2019-ல் பிர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில். ஸ்கோரை யாரோ பார்ப்பதைவிட இது பெரிய ஆபத்து என்பேன். கொடுத்தே தீர வேண்டும் என்றால் தொகை, தேதி எழுதிக் கொடுங்க. போட்டோ எடுத்து வைங்க. கணக்கு முடிந்ததும் திருப்பி வாங்குங்க.

உங்க ஸ்கோரை யார் பார்த்தார்கள் என்று தெரியுமா?

தெரியும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதில் ‘என்கொயரி’ பகுதியில் பார்த்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் இருக்கும். யாராவது அறிக்கையை எடுத்தால் எஸ்எம்எஸ் அல்லது மெயில் அனுப்ப வேண்டும் என்பதும் 2024 ஏப்ரல் முதல் விதி. மொபைல் எண் மாறியிருந்தால் வங்கியில் புதுப்பித்து வைங்க. இல்லாவிட்டால் அந்த மெசேஜ் பழைய எண்ணுக்குத்தான் போகும்.

தெரியாத பெயர் இருந்தால் அந்த நிறுவனத்திடமும் கடன் தகவல் நிறுவனத்திடமும் எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும். அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்; உதவிக்கு 14448.