மூச்சு விட வெட்கம் எதற்கு?

வீட்டில் ஆண்கள் குறட்டை விட்டால், 'உழைத்த களைப்பு, தூங்கட்டும்' என்று கதவைச் சாத்தி விட்டுப் போகிறோம். அதே குறட்டையைப் பெண் விட்டால், 'பொம்பளையா லட்சணமா தூங்கத் தெரியாதா?' என்று கேலி. கணவர் தூக்கத்தில் மூச்சுத் திணறினால், பக்கத்தில் விழித்திருந்து பார்க்க மனைவி இருக்கிறாள். மனைவி திணறினால் பார்ப்பது யார்?

எனக்கு வயது 53. நான்கு ஆண்டுகளாகப் பகலெல்லாம் அசதி. காலையில் எழுந்தாலே தலைவலி. காய் நறுக்கும் போதே கண் சொருகும். 'மாதவிலக்கு நின்ற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்றனர் எல்லாரும். இரண்டு மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்காததைப் பார்த்த டாக்டர் தான், 'ராத்திரியில் குறட்டை உண்டா?' என்று கேட்டார். கூட வந்த என் மகள், 'குறட்டை மட்டுமில்ல டாக்டர், நடுநடுவுல அம்மாவுக்கு மூச்சே நின்னு போகுது' என்றாள்.

ஒரு இரவு முழுக்க உடம்பில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்துப் பரிசோதித்தனர். மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. 30 தாண்டினாலே கடுமையான நிலையாம். 'ஸ்லீப் ஆப்னியா' என்று இதற்குப் பெயர். தூங்கும் போது தொண்டைத் தசை தளர்ந்து, மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும், மூளை நம்மை உலுக்கி எழுப்புகிறது. விடிந்தால் நமக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அசதி மட்டும் மிஞ்சும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் வரை கொண்டு போய் விடும். மாதவிலக்கு நின்ற பின், பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

டாக்டர், 'சி-பாப்' மெஷின் எழுதிக் கொடுத்தார். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1980ல் கண்டுபிடித்த முறை இது. ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. நாம் சுவாசிக்கும் அதே காற்றைச் சற்று அழுத்தத்துடன் மாஸ்க் வழியே அனுப்பி, தொண்டை மூடிக் கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது; அவ்வளவு தான். பல ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது.

முதல் வாரம் படாதபாடு தான். மூச்சு முட்டுவது போலவே இருந்தது. புதிதாக ஆரம்பிக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில சொல்கிறேன்:

* பகலில் டிவி பார்க்கும் போது அரை மணி நேரம் மாஸ்க்கைப் போட்டுப் பழகுங்கள், பயம் விலகும்.

* ஆரம்பத்தில் காற்று மெதுவாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் வசதி மெஷினில் உண்டு. அதை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

* முகத்தில் எண்ணெய், கிரீம் இருந்தால் மாஸ்க் வழுக்கிக் காற்று கசியும். முகம் கழுவிய பின் போடுங்கள்.

* கொண்டையோடு படுத்தால் பட்டை சரியாக நிற்காது. தளரப் பின்னிக் கொள்ளுங்கள். மூக்குத்தி அழுத்தினால் வேறு வகை மாஸ்க் கேளுங்கள்.

* தொண்டை வறண்டால், காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பயன்படுத்தலாம். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

* கரண்ட் போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டரில் இணைத்து விடுங்கள்.

* ஒத்துக் கொள்ளவில்லை என்று நீங்களாகவே நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரத்தில் காலைத் தலைவலி நின்றது. மெஷின் பழகி விட்டது. மனிதர்கள் தான் இன்னும் பழகவில்லை. 'ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு' என்றார் மாமியார். கல்யாண மண்டபத்தில் எல்லாரும் ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்திருக்க, நான் மாஸ்க்கை எடுத்ததும் ஒரே சிரிப்பு. சிரித்தால் சிரிக்கட்டும் என்று போட்டுக் கொண்டு தான் தூங்கினேன்.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, 'அந்த மெஷினைப் பீரோவுக்குள்ள தள்ளுங்க அண்ணி, பரம்பரை வியாதின்னு நினைச்சுடப் போறாங்க' என்றார் நாத்தனார். கணவரும் தலையை ஆட்டினார். நான் எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஒளிக்கிறோமா, சர்க்கரை மாத்திரையை ஒளிக்கிறோமா? இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

அந்த வரன் தகையவில்லை. மெஷின் தான் காரணம் என்று நாத்தனார் இன்றும் சொல்கிறார். என்ன காரணமோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் மகள் ஒன்று சொன்னாள்: 'ஒரு அம்மா மூச்சு விடறதையே தப்பா நினைக்கிற வீடுன்னா, அங்க போய் நான் எப்படிம்மா மூச்சு விடுவேன்?' இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

கடைசியில் படுத்து முதலில் எழுந்திருப்பவள் இல்லத்தரசி. இருக்கும் கொஞ்ச நேரத் தூக்கத்திலாவது அவள் ஒழுங்காக மூச்சு விட வேண்டாமா? மகன்களே, மகள்களே, இன்று இரவு உங்கள் அம்மா தூங்குவதை ஒரு ஐந்து நிமிடம் கவனியுங்கள். மூச்சு நின்று நின்று வந்தால், கேலி செய்யாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

– ஒரு வாசகி, மதுரை.